பூசி மெழுகிச் சொன்ன சேதி

ஆஸ்பத்திரி விழா மலருக்கு இனிமையான நினைவுகளாக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டு, ஒரு சிஸ்டர் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். இப்போது ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிற பெண். மரியாதையான பெண், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் கோபமெல்லாம் அதற்கு முந்தின மாதம் நடந்த படத்திறப்பு விழாவின் மேல்தான்.

அன்றைக்கு, மறைந்த சர்ஜன் டாக்டர் தில்லைநாயகம், மயக்க மருந்து டாக்டர் கனகவல்லி இருவருடைய படங்களையும் வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்தார். அந்தக் காலத்தில் அந்த இருவரும் தியேட்டரில் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள மாட்டார்களாம். கண்ணசைவிலேயே எல்லாம் முடிந்துவிடுமாம். அப்படி ஒரு புரிதலாம். கூட்டம் கை தட்டியது. எனக்குச் சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நான் தட்டவில்லை.

ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது உண்மைதான். மூன்று வருஷம் பேசவில்லை. சண்டை. புரிதலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நடுவில் ஓர் ஆள் இருந்தாள். அந்த ஆள் நான்தான். பாக்கியம் சிஸ்டர்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒக்கூரில் விவசாயக் குடும்பம். மதுரையில் நர்ஸ் படிப்பு. படித்தது பாதி, திட்டு வாங்கியது பாதி. அறுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடிக்கு வேலைக்கு வந்தேன். ஒரு வருஷம் வார்டு, பிறகு தியேட்டர். நடுவில் ஓர் ஆறு மாதம் தவிர, ஓய்வு பெறும்வரை தியேட்டர்தான்.

எங்கள் தியேட்டர் வசதியுள்ள ஒரு குடும்பம் கட்டிக் கொடுத்தது. தேக்குக் கதவும், பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பாவிய தரையுமாகப் பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் வழுக்கும். மேலே ஒரே ஒரு பெரிய விளக்கு. அதன் வெளிச்சம் முழுக்க நோயாளியின் வயிற்றில் விழும். தலைமாட்டில் அரை இருட்டு.

தில்லைநாயகம் சார் சரியாக ஏழே முக்காலுக்கு வருவார். கை கழுவ ஏழு நிமிஷம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. கையுறை போட்ட பிறகு தேவையில்லாத பேச்சு கிடையாது. உள்ளங்கையை எப்படி நீட்டுகிறார் என்பதை வைத்தே கத்தியா, கத்தரியா, இடுக்கியா என்று நான் எடுத்து வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் அது தரையில் கிடக்கும். ஆனால் அவர் கை மாதிரி ஒரு கையை நான் பிறகு பார்க்கவில்லை. வீணாக ஒரு தையல் விழாது. மற்றவர்கள் ஒரு மணி நேரம் திணறுகிற வயிற்றை அரை மணியில் மூடிவிடுவார்.

கனகவல்லி டாக்டரம்மா மதுரைக்காரர். மயக்க மருந்துக்கென்றே தனியாகப் படித்து வந்த முதல் ஆள். அதற்கு முன்பு எங்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர்தான் முகமூடியில் ஈதரைச் சொட்டுவார். அம்மா வந்தபிறகு மெஷின் வந்தது, சிலிண்டர்கள் வந்தன, ஊசியும் ரப்பர்க் குழாயும் வந்தன. ஆபரேஷன் முடியும்வரை அவருடைய ஒரு விரல் நோயாளியின் நெற்றிப்பொட்டை விட்டு எடுபடாது. அங்கே துடிக்கிற நாடிதான் அவருக்குக் கணக்கு. மயக்கம் கொடுக்கும்முன் எல்லோரிடமும் ஊர், பிள்ளைகள், தொழில் எல்லாம் விசாரிப்பார். பிறகு எண்ணச் சொல்வார். எண்ணிக்கொண்டே தூங்கிப் போவார்கள்.

இருவருமே கெட்டிக்காரர்கள். அதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். ஒருவர் மக்காக இருந்திருந்தால்கூட நான் இன்றைக்கு இவ்வளவு எரிந்து விழ மாட்டேன்.

சண்டை வந்தது ஒரு குடலிறக்க ஆபரேஷனில். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை, சார் கத்தியை வைத்துவிட்டார். நோயாளி காலை உதறினார். அம்மா எல்லோருக்கும் முன்னால், நான் சொல்லாமல் கத்தி வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மயக்கம் குடுக்க வந்தீக, குடுங்க. எனக்குப் பாடம் எடுக்க வேணாம்" என்றார்.

மறுநாளிலிருந்து பேச்சு அறுந்தது. அத்தோடு விட்டாரா? நோயாளியின் கழுத்துக்கு மேலே, வயிற்றையும் தலையையும் பிரித்து ஒரு கம்பியில் பச்சைத் துணி தொங்கும். திரை என்போம். தியேட்டர் உதவியாளர் கருப்பையாவைக் கூப்பிட்டு, அந்தக் கம்பியை ஒரு முழம் உயர்த்தி முடுக்கச் சொன்னார் சார். அம்மாவின் தலைகூடக் கண்ணில் படக் கூடாதாம். அவர் அந்தப் பக்கம் இருட்டில், இவர் இந்தப் பக்கம் வெளிச்சத்தில். இரண்டு பேருக்கும் நடுவில் கிடப்பது ஓர் உயிர். இதைக் கேட்க அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சூப்பிரண்டு சிரித்துக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரி தானாகச் சரியாகிவிடும் என்றார்.

அன்றிலிருந்து எல்லாமே "சிஸ்டர், அங்குட்டுச் சொல்லுங்க", "பாக்கியம், இங்குட்டு என்னன்னு கேளு" என்றுதான் நடந்தது. வயிறு கல்லாக இருக்கிறது, அங்கே என்ன தூக்கமா என்று சார் சிடுசிடுப்பார். நான் திரைக்கு மேலே எட்டி, கொஞ்சம் தளர்வு வேண்டுமாம் டாக்டரம்மா என்பேன். இது மனுசன் வயிறு, கிழிந்த சாக்கு இல்லை என்று சொல் என்பார் அம்மா. சார், நாடி கொஞ்சம் வேகமாக இருக்கிறதாம், சீக்கிரம் முடித்தால் நல்லதாம் என்பேன். இரண்டு பக்கத்து முள்ளையும் ஒடித்துவிட்டுப் பூவை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாக்கியம் இல்லையென்றால் தியேட்டரே ஓடாது என்று வார்டு முழுக்கப் பேசினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது.

அந்தக் காலத்தில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி கிடையாது. நோயாளிக்கு மூச்சு போதவில்லை என்பதை முதலில் காட்டிக் கொடுப்பது ரத்தத்தின் நிறம். சிவப்பு மங்கிக் கறுப்படிக்கும். நம் ஊர்த் தோல் நிறத்துக்கு, தலைமாட்டு அரை இருட்டில், உதடு நீலம் பாய்வது லேசில் தெரியாது. திறந்த வயிற்றைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அவர்தான் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க அதுதான் முறை. எங்கள் தியேட்டரில் அந்தச் சொல்லையும் குத்திக் காட்ட எடுத்துக்கொண்டார் சார். ஒன்றுமில்லாதபோதும், ரத்தம் கறுக்கிறது என்று முனகுவார். நான் எட்டிப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்கும். அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. சார் அவசரப்படுகிற நாளில் வேண்டுமென்றே, நாடி சரியில்லை, நிற்கச் சொல் என்பார். எது நிஜம், எது வம்பு என்று பிரிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. கத்தரி எடுத்துக் கொடுக்க வந்தவள் நீதிபதி ஆகிவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் சிக்கந்தர் வந்தார்.

புதுவயல் அரிசி ஆலையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். இருபத்தேழு வயது. வயிற்றுப் புண் ஓட்டையாகி, மத்தியானம் ஒரு மணிக்கு மாட்டு வண்டியில் மடங்கிக் கிடந்தபடி கொண்டுவந்தார்கள். கூடவே அவர் மனைவி ஆமினா, இடுப்பில் கைக்குழந்தை. அவ்வளவு வலியிலும் அந்த மனுசன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"திரும்ப மூட்டை தூக்க முடியுமாம்மா?"

மூன்று மாதத்தில் தூக்கலாம் என்றேன். தியேட்டர்க் கதவு வரைக்கும் வந்த ஆமினாவிடமும் அதையே சொன்னேன். புண்ணை அடைக்கிற ஆபரேஷன் சாருக்குக் கைப்பழக்கம், பொய்யாகச் சொல்லவில்லை.

அம்மா ஊசியைப் போட்டுக்கொண்டே எண்ணச் சொன்னார். அவர் ஆலையில் மூட்டை எண்ணுகிற மாதிரியே எண்ணினார். ஆலையில் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று ஏழு வரைக்கும் கணீரென்று வந்தார். நல்ல குரல். லாரிக்கு மேலே நிற்பவனுக்குக் கேட்க வேண்டிய குரல் அல்லவா. எட்டு வரவில்லை, தூங்கிவிட்டார். அம்மா முகமூடிக்குள் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

வயிற்றைத் திறந்தோம். உறிஞ்சுகிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது. ஓட்டையைக் கண்டுபிடித்தாயிற்று, முதல் தையல் போட்டாயிற்று. சார் தலையைத் தூக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"ரத்தம் கறுப்பா வருது."

நான் குனிந்து பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. இதை நான் இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்தும் என் புத்தி வேறு கணக்குப் போட்டது. அன்று காலையில்தான் இன்னொரு கேஸில் இதே சொல்லைச் சும்மா சொல்லி அம்மாவைச் சீண்டியிருந்தார் சார். மறுபடி அதையே கொண்டுபோனால் அம்மா வெடிப்பார், சார் எதையாவது வீசுவார், திறந்த வயிறு அப்படியே கிடக்கும். வழக்கம்போல முள்ளை ஒடித்தேன்.

"டாக்டரம்மா, ஆக்சிஜன் எல்லாம் சரியா இருக்கான்னு சார் கேக்குறாக."

அம்மா மெஷினைப் பார்த்தார். ஆக்சிஜன் ஓடுகிறதா என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாயும், அதற்குள் ஒரு சின்ன மிதப்பும் இருக்கும். வாயு ஓடினால் மிதப்பு மேலே நிற்கும். மேலேதான் நின்றது. சரியாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். பார்த்துவிட்டார்களாம் சார், சரியாக இருக்கிறதாம் என்றேன். உண்மையில் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. மிதப்பு குழாயின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, விழாமல் நின்றது. இது பிறகு தெரிந்தது.

மிதப்பு ஒட்டிக்கொண்டதற்கு நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். மெஷின் என்றால் ஒருநாள் காலை வாரும். அதற்கப்புறம் போன நிமிஷங்களைத்தான் சொல்கிறேன். கறுப்பு என்று சொல்லியும் சரி என்று பதில் வருகிறதே என்று சாருக்கு நிச்சயம் தோன்றியிருக்கும். இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதானே? வாயில் என்ன கொழுக்கட்டையா? சொல்லவில்லை. வீம்பு. அவர்கள் பொறுப்பு, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு தையல் போட்டார். அழகான தையல். அம்மாவுக்கும் உள்ளே ஏதோ உறுத்தியிருக்கிறது, நெற்றிப்பொட்டில் வைத்த விரலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். எழுந்து நின்று திரைக்கு மேலாக, அங்கே ரத்தம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

பிறகு விரலுக்குக் கீழே நாடி தேய்ந்தது. அம்மா என்னைக் கூப்பிடவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நேராக, கையை எடுங்கள் என்று கத்தினார். சார் திரையைப் பிய்த்து எறிந்தார். அப்போதுதான் சிக்கந்தரின் முகத்தை அவர் பார்த்தார். கருப்பையா அடுத்த சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடிவந்து வழுக்கி விழுந்து எழுந்தார். சார் நெஞ்சை அமுக்கினார், அம்மா மூச்சுக் கொடுக்கிற ரப்பர்ப் பையைப் பிசைந்தார். அந்த நேரத்தில் அந்த நாலு கையும் ஒரே ஆளுடைய கை மாதிரி வேலை செய்தன. நாடி திரும்பியது. வயிற்றை மூடினோம்.

உடை மாற்றுகிற அறையில் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"சார் உன்கிட்ட என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"ரத்தம் கறுப்பா வருதுன்னு சொன்னாக."

"என்கிட்ட நீ அப்படிச் சொல்லலையே பாக்கியம்."

அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையுறையைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை.

சிக்கந்தர் ஆறு நாள் கழித்துக் கண் திறந்தார். வயிறு சுத்தமாக ஆறிவிட்டது. வலது கை தூக்க வரவில்லை. நடை குழறியது. பேச்சு இல்லை. அம்மா தினமும் சாயங்காலம் கட்டிலோரம் உட்கார்ந்து, எண்ணுங்கள் தம்பி என்பார். அவர் உதட்டைக் குவித்து, கஷ்டப்பட்டு, லாபம் என்பார். அடுத்தது வராது. எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நாங்கள் எடுத்துக் கொடுப்போம் என்பது போல. எடுத்துக் கொடுத்தாலும் வராது. மறுபடி லாபம் என்பார்.

பேச முடிந்த இரண்டு பேர் பேச மாட்டேன் என்று நின்றார்கள், பேச்சுப் போனது அந்த மனுசனுக்கு. இதைத்தான் மைக்கில் புரிதல் என்கிறார்கள்.

சூப்பிரண்டிடம் சார் சொன்னது, நான் சிஸ்டரிடம் சொன்னேன் என்று. அம்மா சொன்னது, என்னிடம் வேறு மாதிரிக் கேட்டார்கள் என்று. இரண்டும் உண்மை. கேஸ் ஷீட்டில் எழுதியது மட்டும் உண்மை இல்லை. புண் ஓட்டையாகி விஷம் உடம்பில் ஏறியதால் மூளை பாதித்தது என்று எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒரே பேனாவில். அந்தப் பேனாவைக்கூட நான்தான் வாங்கி அங்கிருந்து இங்கே கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வரவில்லை. ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆமினாவிடம் சூப்பிரண்டு பேசி அனுப்பிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நான் சீக்கிரமே போனேன். கருப்பையாவிடம் ஸ்பானரை வாங்கித் திரைக் கம்பியை ஒரு முழம் இறக்கினேன். சார் கை கழுவி உள்ளே வந்தார். நோயாளி ஏற்கெனவே மயக்கத்தில் இருந்தார். துணிக்கு மேலே அம்மாவின் முகம் தெரிந்தது.

"யாரு இதை இறக்குனது?"

"நாந்தான் சார்."

"ஏத்துங்க."

"ஏத்த மாட்டேன் சார். இனிமே சேதியும் கொண்டுபோக மாட்டேன். அவுக இந்தா இருக்காக. நீங்க சொன்னா அவுகளுக்குக் கேக்கும்."

என்மேல் ரிப்போர்ட் எழுதப்போவதாகச் சொன்னார். எழுதுங்கள் சார், சிக்கந்தரைப் பற்றியும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். உள்ளங்கையை நீட்டியபடி நின்றார். நான் கத்தியை வைக்கவில்லை. சுவர்க் கடிகாரம் ஓடியது. கடைசியில் அம்மாதான் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், மயக்கம் சரியா இருக்கு. நீங்க கத்தி வைக்கலாம்."

சரி என்றார் சார். கத்தியைக் கையில் வைத்தேன். இருபது நிமிஷம் போயிருக்கும். கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறது, பாருங்கள் என்றார் சார். என்னைப் பார்த்து இல்லை, திரைக்கு அந்தப் பக்கம் பார்த்து. அம்மா ரப்பர்க் குழாயைத் தடவிப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே மடங்கியிருந்தது. நிமிர்த்திவிட்டார். சிவப்பு திரும்பியது. எல்லாம் சேர்ந்து அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தைத்தான் சிக்கந்தருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தோம்.

ரிப்போர்ட் எழுதினார்கள். ஆறு மாதம் என்னைக் கட்டுப் போடுகிற அறைக்கு மாற்றினார்கள், பிறகு சாரே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கும் மேலே அந்த இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். வெளியே கடைசிவரை ஒட்டவில்லை. தியேட்டருக்குள் ரத்தத்தின் நிறம், நாடி, நிறுத்து, தொடங்கு, இவ்வளவுதான் பேச்சு. ஆனால் நேருக்கு நேர். அதனால் பிழைத்தவர்கள் இந்த ஊரில் நடமாடுகிறார்கள். மைக்கில் பேசியவர் எழுபதுகளில் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தவர், அவர் பார்த்தது இந்தச் சுருக்கப் பேச்சைத்தான், பேசாத காலத்தைப் பற்றிக் காதில் விழுந்ததையும் அதோடு சேர்த்துக்கொண்டார். அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் அம்மை ஊசி போடப் புதுவயலுக்குப் போனேன். ஆலைக் களத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஆமினா என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தார். வேப்பமர நிழலில் சிக்கந்தர் உட்கார்ந்திருந்தார். லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூட்டை போகும்போதும் அவர் லாபம் என்றார். ஏற்றுகிறவர்களுக்குப் பழகிப்போயிருந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு உள்ள என்னக்கா நடந்துச்சு? யாரும் வெவரமாச் சொல்லலை. நீங்களாச்சும் சொல்லுங்க."

எல்லோரும் முடிந்ததைச் செய்தார்கள் ஆமினா என்று சொன்னேன். திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிப் பழகிய அதே குரலில் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அல்லா உங்களை நல்லா வைப்பான் என்றார். அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. சாரையும் அம்மாவையும் இவ்வளவு திட்டுகிறேனே, அவர்களையாவது நான் மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. களத்தில் நின்று அப்படிப் பேசியவளை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மலரில் இதைப் போடுவார்களா தெரியாது. இனிமையாக இல்லை என்று அந்தச் சிஸ்டர் திருப்பிக் கொண்டுவந்தாலும் வருவாள். போட்டால் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். புதுவயலில் ஆமினா இன்னும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். யாராவது அவருக்கு இந்தக் கடைசி வரிகளை மட்டுமாவது வாசித்துக் காட்டுங்கள்.

ஆமினா, அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரருடைய ரத்தம் கறுப்பாக வந்தது. சார் பார்த்தார், நானும் பார்த்தேன். அது காதில் விழுந்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய டாக்டரம்மா ஓர் எட்டுத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.